செர்வுஸ் தேய்ந்தது, ஸ்க்லாவுஸ் பிறந்தது

ரோமானியர் அடிமையை ‘செர்வுஸ்’ என்றார்கள். போரில் பிடிபட்டவனைக் கொல்லாமல் காப்பாற்றி விற்பதால் அவனுக்கு அந்தப் பெயர் வந்தது என்று அவர்களின் சட்ட அறிஞர்கள் விளக்கம் சொன்னார்கள். இலத்தீனில் ‘செர்வாரே’ என்றால் காப்பாற்றுதல். சொற்பிறப்பு சரியோ தவறோ, உயிரோடு விட்டதற்கு ஆயுள் முழுவதும் உழைப்பை ஈடாகக் கேட்ட ஆண்டைகளின் மனம் அதில் தெரிகிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய வர்ரோ, வண்டி பேசாத கருவி, அடிமை பேசும் கருவி என்ற பாகுபாட்டைப் பதிவுசெய்கிறார்.

பேரரசு தளர்ந்தபோது சொல் அழியவில்லை. அதன் பொருள் நகர்ந்தது. தப்பியோட நினைக்கும் குத்தகைக் குடியானவரை அடிமைபோல் விலங்கிடலாம் என்று கி.பி. 332-இல் கான்ஸ்டன்டைன் ஆணையிட்டார். சுதந்திரக் குடியானவன் கீழே இறங்கினான். அடிமைக்கோ மெல்ல மெல்லக் குடிசையும் துண்டு நிலமும் கிடைத்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் சென் ஜெர்மென் மடம் எழுதிவைத்த நிலப் பதிவேட்டில் இருவரும் அருகருகே வருகிறார்கள், மனைவி மக்களோடு, செய்ய வேண்டிய வேலைக் கணக்கோடு. செர்வுஸ் பிரெஞ்சில் ‘செர்ஃப்’ ஆனான். நிலத்தோடு கட்டுண்டவன், வேறு பண்ணையில் பெண் எடுக்கவும் பிரபுவின் அனுமதி தேவைப்பட்டவன்.

இந்த மாற்றத்தைக் காட்டி, இடைக்காலம் அடிமைமுறையை ஒழித்தது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய சொல் வயலோடு தங்கிவிட்டது. ஆள் விற்கும் சந்தை மட்டும் மூடப்படவில்லை. விற்கப்படுபவனுக்குப் புதுப் பெயர் தேவைப்பட்டது. அந்தப் பெயர் ஓர் இனத்தின் மீதிருந்து உரித்தெடுக்கப்பட்டது.

பத்தாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அரசர்கள் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே போர் தொடுத்து ஸ்லாவ் மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். பலர் முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினின் கோர்தோபா வரை விற்கப்பட்டார்கள். அங்கே அரபியில் அவர்கள் ‘ஸகாலிபா’. இலத்தீனில் ‘ஸ்க்லாவுஸ்’ என்ற இனப்பெயரே அடிமைக்குப் பெயராயிற்று. ஆங்கிலத்தின் ‘ஸ்லேவ்’, பிரெஞ்சின் ‘எஸ்க்லாவ்’, இத்தாலியின் ‘ஸ்கியாவோ’ எல்லாம் அதன் பிள்ளைகள். அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரோ, ‘சொல்’ என்னும் பொருளுள்ள ‘ஸ்லோவோ’விலிருந்து வந்தது என்பது பலரின் கருத்து: சொல் உடையவர்கள், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிகிறவர்கள். வர்ரோ குறித்த பேசும் கருவியை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

பிறகு கருங்கடல் கரையில் கஃபா துறைமுகத்திலிருந்து ஜெனோவா வணிகர்கள் தாத்தாரியரையும் சிர்காசியரையும் ஏற்றி வந்தபோது அவர்களும் ‘ஸ்லாவ்’ ஆனார்கள். சொல்லிலிருந்து இனம் கழன்றது, விலை மட்டும் ஒட்டிக்கொண்டது. கொள்ளைநோய்க்குப் பின் ஆள் பஞ்சத்தில் தவித்த பிளாரன்ஸ் நகரம், கிறிஸ்தவரல்லாத அடிமைகளை இறக்குமதி செய்யலாம் என்று 1363-இல் சட்டமே இயற்றியது.

இன்று இரண்டு சொற்களும் வணக்கம் சொல்லப் பயன்படுகின்றன. ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் நண்பர்கள் ‘செர்வுஸ்’ என்கிறார்கள். இத்தாலியரின் ‘சாவ்’, ‘நான் உங்கள் அடிமை’ என்ற வெனிஸ் வழக்கின் சுருக்கம். அந்த வெனிஸே அடிமை வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய நகரம்.