பைண்டு புத்தகத்தின் ஓரங்கள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு யாராவது பழைய புத்தகங்களை அன்பளிப்பாகக் கொண்டுவந்தால், பைண்டு செய்த தொடர்கதைகளைத்தான் நான் முதலில் தேடுவேன். வாரா வாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, நூலால் தைத்து, கெட்டி அட்டை போட்டவை. ஒரு பக்கத்தில் ஓவியர் மணியம் வரைந்த ‘பொன்னியின் செல்வன்’ வந்தியத்தேவன் குதிரையில் போவான். தாளைத் திருப்பினால் கூந்தல் தைல விளம்பரம் பாதியில் அறுந்து நிற்கும். ஓரத்தில் பென்சிலால் ஒரு கை ‘இவளை நம்பாதே’ என்று எழுதியிருக்கும். அதன் கீழே வேறொரு கை, ‘நந்தினி பாவம்’. நூலகர் என்ற முறையில் நான் இதைக் கண்டித்திருக்க வேண்டும். அழிக்கக்கூட எனக்கு மனம் வந்ததில்லை.

வாசகர் கதையோடு பேசும் இந்த வழக்கம் தமிழ் நாவலுக்கு ஏறக்குறைய அதன் பிறப்போடு வந்தது. ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893இலேயே ‘விவேக சிந்தாமணி’யில் தொடராகத்தான் வரத் தொடங்கியது. கதை முடிவதற்குள்ளேயே வாசகர் பேசத் தொடங்கிவிடுவார். எழுதுகிறவர் காதில் அது விழும்.

கல்கி காலத்தில் அந்தப் பேச்சு பெருவெள்ளமாயிற்று. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள் ஓடியது. ‘முற்றும்’ போட்ட பிறகும் வாசகர்கள் விடவில்லை. வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் நடந்ததா, நந்தினி என்ன ஆனாள் என்று கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். சரித்திர நாவலாசிரியருக்கு அங்கே ஒரு துணை உண்டு: கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றே சொல்கிறது. நாவலில் வரும் இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையில் தொடர்புடைய ரவிதாசன் பெயரையும் உடையார்குடிக் கல்வெட்டில் காணலாம். தொடர் முடிந்த அந்த ஆண்டு டிசம்பரிலேயே கல்கி மறைந்தார். அவர் பாதியில் விட்ட ‘அமரதாரா’வை மகள் ஆனந்தி முடித்தார். அதையும் வாசகருக்குச் செலுத்திய கடனாகவே நான் பார்க்கிறேன்.

சமகாலக் கதை எழுதுகிறவருக்குக் கைகொடுக்க எந்தக் கல்லும் கிடையாது. 1966இல் ‘ஆனந்த விகட’னில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண் முன்பின் தெரியாதவன் காரில் ஏறுகிறாள். அவளுக்கு நேரக்கூடாதது நேர்கிறது. வீட்டுக்கு வந்தவளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான் கதை. தமிழ்நாடு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று கோபப்பட்டவர்களும், இப்படி ஒரு தாய் வேண்டும் என்று அழுதவர்களும் ஒரே தெருவில் இருந்தார்கள்.

ஜெயகாந்தன் அந்தச் சிறுகதையில் கைவைக்கவில்லை. சரி, தாய் அப்படிச் செய்யாமல் ஊர் கேட்க அலறியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்து ஒரு நாவலே எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அதுதான். அலறலால் ஊருக்கே விஷயம் தெரிகிறது, அந்தப் பெண் கங்காவை அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான், அவள் படித்து வேலைக்குப் போய்த் தனியே காய்ந்துபோகிறாள். பிறகு ஒரு பத்திரிகையில் தன் கதையையே சிறுகதையாகப் படிக்கிறாள். அதில் வரும் தாய் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். கோபித்த வாசகர் விரும்பிய தாயை அவர்களுக்கே கொடுத்து, அதன் விலையையும் பக்கம் பக்கமாகக் காட்டிய அந்தத் துணிச்சலை எத்தனை முறை படித்தாலும் நான் வியக்கிறேன். 1972இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

‘பொன்னியின் செல்வன்’ படம் 2022இல் வந்தபின் பிள்ளைகள் கூட்டமாக வந்து கல்கியைக் கேட்டார்கள். படித்துத் திருப்பும்போது, ஆதித்த கரிகாலனை உண்மையில் யார் கொன்றது என்று கேட்பார்கள். சதாசிவப் பண்டாரத்தாரின் சோழர் வரலாற்றை எடுத்துக் கொடுப்பேன். கங்காவைத் தேடி வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களிடம் சிறுகதையை முதலில் தந்து, அதைப் படித்துவிட்டு நாவலுக்கு வரச் சொல்கிறேன். வரிசை மாறினால், ஜெயகாந்தன் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது பிடிபடாது.