அரை அங்குல முகம்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு உறவுக்கும் ஊருக்கும் ஒரு சிறு நூல் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் அதில் இருக்கும். முகப்பில் இறந்தவரின் படம். அந்தப் படம் பலமுறை இன்னொரு படத்திலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும். ஒன்றில் அடையாள அட்டைக்கு எடுத்தது. இல்லையென்றால் யாரோ ஒருவரின் கலியாணப் படத்தில் பின்வரிசையில் நின்ற முகம். அதைப் பெருப்பித்துக் கொடுத்தவர்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர்கள். நெருங்கி நின்று சின்னதைப் பெரிதாக எடுக்கும் கலைக்குக் குடாநாட்டில் பூவையும் பூச்சியையும்விட இந்த முகங்களே அதிகம் வேலை கொடுத்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த யாழ்ப்பாணப் படங்களில் எஸ். கே. லோட்டன் என்ற பெயரைக் காணலாம். அக்காலத்தில் கமராவுக்கு முன் உட்காருவது வசதியுள்ள வீடுகளின் காரியம். எல்லோரையும் ஸ்ரூடியோவுக்கு வரவைத்தது அரசாங்கம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் வீட்டு வாசல் தாண்டாத ஆச்சியும் படம் எடுத்துக்கொண்டார்கள். பலருக்குத் தனியாக எடுத்த ஒரே படம் அதுவாகவே இருந்தது.

பின்னர் போர் வந்தது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் பெயர்ந்தார்கள். அல்பங்கள் வீட்டோடு போயின. அடையாள அட்டை மடியில் பத்திரமாக இருந்தது. அடுத்த ஆண்டில் குடாநாட்டில் நூற்றுக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டனர். முகத்தைக் காட்டித் தேட வேண்டியவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு படம்.

அதைப் பெருப்பிப்பதில் ஒரு கணக்கு உண்டு. 45 மில்லிமீற்றர் உயரமான கடவுச்சீட்டுப் படத்தை 36 மில்லிமீற்றர் நீளமான பிலிம் சட்டத்துக்குள் அடக்குவது எளிது. கூட்டப் படத்தில் 12 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய அரை அங்குல, முகத்தைப் பிலிமில் இரண்டு மடங்காக விழுத்த வேண்டுமென்றால்தான் சிக்கல். சாதாரண 50 மில்லிமீற்றர் லென்ஸ் தூரத்துக் காட்சிக்காகச் செய்யப்பட்டது. முன்னால் நிறைய இடமும் பின்னால் கொஞ்ச இடமும் இருக்கும்போதுதான் அது ஒழுங்காக வேலை செய்யும். இரண்டு மடங்கு பெருக்கத்தில் இந்த நிலை தலைகீழாகிறது. ஆகவே லென்ஸையே திருப்பிப் பூட்டினால் படம் ஓரம்வரை தெளியும். விலை கூடிய மக்ரோ லென்ஸ் வாங்க வசதியில்லாதவர்களுக்கு, லென்ஸைத் திருப்பிப் பூட்டவும் கமராவிலிருந்து தள்ளி வைக்கவும் உதவும் சில வளையங்களின் செலவில் முடியும் வேலை.

ஆனால் வெளிச்சம் பலி கொடுக்கப்படும். பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி வர்க்கித்தால் எத்தனை மடங்கு வெளிச்சம் கூடுதலாகத் தேவை என்பது ஏறத்தாழத் தெரியும். இரண்டு மடங்குக்கு ஒன்பது. எஃப் 8 என்று வைத்த துவாரம் எஃப் 24 போல நடந்துகொள்ளும். திருப்பிய லென்ஸுக்குக் கமராவோடு தொடர்பும் இல்லை, துவாரத்தைக் கையால்தான் மூட வேண்டும். பிளாஷைக் கமராவின் தலையில் வைத்தும் பயனில்லை. படத்துக்கும் லென்ஸுக்கும் இடையில் சில அங்குலமே இருப்பதால் லென்ஸின் நிழலே முகத்தில் விழும். இரண்டு பக்கத்திலும் 45 பாகையில் வைத்தால் நிழலும் விழாது, பளபளப்புத் தாளில் வெள்ளைப் பொட்டும் அடிக்காது. இழந்த ஒன்பது மடங்கைத் திருப்பிப் பெறவும் வழி உண்டு: 90 சென்ரிமீற்றரில் இருந்த பிளாஷை 30 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் போதும். ஒருமுறை சோதித்து அளந்துவிட்டால், அதே பெருக்கத்துக்கும் அதே தூரத்துக்கும் அந்த அளவு மாறாது.

உலகத்தில் இந்தக் கணக்கைக் கமராவே செய்யத் தொடங்கியது 1975இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2 காலத்தில். பிளாஷ் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1887இல் ஜெர்மனியில் அடொல்ஃப் மீத்தேயும் யோகானஸ் கேடிக்கேயும் மக்னீசியப் பிளாஷ் தூளை உருவாக்கினார்கள். 1930களில் அமெரிக்காவின் ஹரோல்ட் எட்ஜர்ட்டன் மின்னணுப் பிளாஷை வளர்த்தெடுத்தார். ஆனாலும் பிளாஷ் அணைய வேண்டிய நேரத்தை, லென்ஸ் வழியாகப் பிலிமில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து முடிவுசெய்த முதற் கமரா ஓஎம்-2தான். லென்ஸைத் திருப்பினாலும் நீட்டினாலும் அதற்குக் கவலையில்லை.

யாழ்ப்பாணத்தில் பிளாஷ் வசதியே நிலைக்கவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் மின்சாரம் போயிற்று. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. பிளாஷும் பற்றரியும் நம்பத்தகாத இடத்தில் மிஞ்சுவது வெயில் ஒன்றுதான். விறாந்தையில் நேர்வெயில் படாத வெளிச்சத்தில், ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுக்கலாம். அசையாத படத்துக்கு அது போதும்.

போர் முடிந்த பிறகும் அந்த முகங்களுக்கு வேலை முடியவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் தொடர் போராட்டத்தில் தாய்மார் ஏந்தியவை பெருப்பித்த படங்கள். அவற்றில் எத்தனையோ அடையாள அட்டை முகங்கள். மானிடவியலாளர் விந்தியா புத்பிட்டிய வடக்கின் ஸ்ரூடியோக்களையும் இத்தகைய படங்களையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இன்று கைத்தொலைபேசியே அந்த அரை அங்குல முகத்தை எடுத்துவிடும். பிளாஷை அணைத்து, யன்னலோரத்தில் படத்தை மட்டமாக வைத்து எடுத்தால் சரி. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் கல்வெட்டுகளும் நினைவு மலர்களும் சேகரிக்கப்படுகின்றன. உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒன்று கிடக்கக்கூடும். செல் அரிக்கும் முன் அதை அவர்களுக்குக் கொடுங்கள். அதற்குமுன், பழைய படங்களின் பின்புறத்தில் யார் யார் என்று பெயரை எழுதி வையுங்கள்.