டிராக்டர் டிரெய்லர்: செட்டிநாட்டுச் சாலைக்கு ஆயத்தம்

டிராக்டர் டிரெய்லர் என்பது தனக்கென இயந்திரம் இல்லாத பார வண்டி. டிராக்டரின் பின்புறம் பூட்டி இழுக்கப்படுவது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை வட்டாரங்களில் நெல் மூட்டை, வைக்கோல், சீமைக்கருவேல விறகு, செங்கல், கண்மாய் வண்டல் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் போய்வருகின்றன. கரும்பு வெட்டும் காலத்தில் படமாத்தூர் சர்க்கரை ஆலைச் சாலையிலும் இதைப் பார்க்கலாம். காருக்குப் பின்னால் டிரெய்லர் பூட்டும் வழக்கம் இப்பகுதியில் அரிது. ஆகவே இழுவைக்கு வண்டியைத் தயார் செய்வது என்றால், இங்கே அது டிராக்டரைத் தயார் செய்வதுதான்.

டிராக்டர் வயலுக்காக உருவான இயந்திரம். சேற்றில் மெதுவாக, பெரும் விசையோடு இழுக்க வல்லது. தார்ச்சாலையில் அதற்கு வரும் சோதனை வேறு. 45 குதிரைத்திறன் டிராக்டரின் எடை ஏறத்தாழ 2 டன். பின்னால் வரும் டிரெய்லர் பாரத்தோடு சேர்ந்து 6 டன்னைத் தொடும். தன்னைப்போல் மூன்று மடங்கு எடை முதுகில் தள்ளிக்கொண்டு வர, அதை நிறுத்தியாக வேண்டும். வாங்கும்போது எவ்வளவு இழுக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை அடியில் நிற்கும் என்று கேட்பவர் மிகக் குறைவு. விபத்துகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

பாரம்

மாட்டு வண்டிக்காரர்கள் மூட்டை அடுக்கும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பிக் கழுத்துக்கயிறு இறுக்கும். இரட்டைச் சக்கர டிரெய்லருக்கும் இதே கணக்குத்தான். எடையின் நடுப்புள்ளி அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் டிரெய்லரின் முன்னால் நீளும் இழுவைத் தண்டான டிராபார் டிராக்டரின் பின்பகுதியை மேலே தூக்கும். இழுப்பதும் நிறுத்துவதும் டிராக்டரின் பின்சக்கரங்களே என்பதால், அவை தரையைப் பற்றாதபோது இரண்டும் கெடும். டிரெய்லரும் வாலாட்டத் தொடங்கும். முன்பாரம் அளவு மீறினால் நேர்மாறான ஆபத்து: டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் பிடிப்பு போய்விடும்.

கண்மாய்க் கரை ஏற்றத்தில் இது உயிர்ப் பிரச்சினை. கோடையில் விவசாயிகள் அரசு அனுமதியோடு கண்மாயில் வண்டல் எடுக்கிறார்கள். பள்ளத்திலிருந்து கரைக்கு ஏறும் சரிவில் எடை தானாகவே பின்னுக்குச் சாய்கிறது. அந்த நேரத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்சக்கரம் தூக்கும். டிராக்டர் முழுதாகப் பின்புறம் புரண்டு விழ ஓரிரு நொடி போதும். ஓட்டுநர் குதித்துத் தப்ப அவகாசம் கிடைக்காது. முன்பக்க பம்பரில் எடைக்கட்டிகள் மாட்டுவதும், ஏற்றத்துக்கு முன்பே கீழ்க் கியருக்கு வந்துவிடுவதும் இதற்காகத்தான்.

டிரெய்லரின் தொட்டி நிறைந்திருப்பதை வைத்து எடையைக் கணிக்கக் கூடாது. ஒரு யூனிட், அதாவது 100 கன அடி மணல், உலர்ந்த நிலையிலேயே சுமார் நாலரை டன் வரும். அதே இடத்தை அடைக்கும் நெல் ஒன்றரை டன்னைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். செங்கல் ஒன்று 3 கிலோ என்றால் ஆயிரம் கல் 3 டன். வைக்கோல் கனக்காது, ஆனால் உயரம் கூடுவதால் வளைவில் சாயும், பின்விளக்கை மறைக்கும், தாழத் தொங்கும் மின்கம்பியில் உரசும்.

இணைப்பு

டிரெய்லரை டிராக்டரின் டிராபாரிலோ, அதற்கென்றே உள்ள கொக்கியிலோதான் பூட்ட வேண்டும். ஏர் மாட்டும் மேல்கம்பியின் பிடியில் சங்கிலி கட்டி இழுப்பது மிகத் தவறு. பின் அச்சுக்கு மேலிருந்து இழுக்கும்போது விசை முழுவதும் டிராக்டரைப் பின்னால் கவிழ்க்கவே வேலை செய்யும்.

பூட்டும் பின் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். நடுவில் பள்ளம் விழுந்த பின்னை மாற்றிவிட வேண்டும். அந்த இடத்தில் கான்கிரீட் கம்பித் துண்டையோ பழைய போல்ட்டையோ செருகி ஓட்டுவது பரவலாக இருக்கிறது. இதைக் கண்டால் வண்டியை எடுக்க விடக் கூடாது. பின்னின் அடியில் காட்டர் பின் இருக்க வேண்டும். அதற்கு மேலும் ஒரு பாதுகாப்புச் சங்கிலி தேவை. பின் கழன்றாலும் டிரெய்லரின் டிராபார் தரையில் குத்தாதபடியும், வளைவில் இழுபடாதபடியும் அதன் நீளம் அமைய வேண்டும்.

டிரெய்லரின் சக்கரங்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய லாரி டயர்களே பெரும்பாலும் இவற்றுக்கு வந்து சேர்கின்றன. பக்கச்சுவர் வெடித்த டயர், தளர்ந்த வீல் நட்டு, கிரீஸ் காணாத ஹப் பேரிங் ஆகியவற்றைப் புறப்படும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஓடி முடித்ததும் ஹப்பைத் தொடும்போது ஒரு பக்கம் மட்டும் சுட்டால், அந்தப் பேரிங் போகப்போகிறது என்று பொருள்.

நிறுத்துதல்

டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்றும் வலதுக்கு ஒன்றுமாக இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு. வயல் மூலையில் சட்டெனத் திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். சாலைக்கு ஏறுமுன் இரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போட்டே ஆக வேண்டும். போடாமல் வேகத்தில் ஒன்றை மிதித்தால் டிராக்டர் அந்தப் பக்கம் திரும்பும். டிரெய்லர் நேராகவே வந்து அதை மடக்கிக் கவிழ்க்கும். உழவு முடித்து நேரே சாலைக்கு வருபவர்கள் மறப்பது இதைத்தான். கொண்டி போட்ட பிறகும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிடிக்கிறதா என்று வெறும் வண்டியில் ஒருமுறை சோதிக்க வேண்டும். சேற்றுழவுக்கான இரும்புக் கேஜ் வீல் மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிட்டே தார்ச்சாலைக்கு வர வேண்டும்.

வேகம் இரு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 15 கி.மீ. வேகத்தில் அடங்கி நடந்த டிரெய்லர் 30 கி.மீ. வேகத்தில் அடங்காததற்குக் காரணம் இதுவே. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது, இன்ஜின் தரும் பிடிப்பையும் கைவிடுவதாகும். எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குவது நல்லது.

பிரிட்டனில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தாக வேண்டும். நம் கிராமங்களில் ஐந்து டன் ஏற்றும் டிரெய்லர்கள்கூடப் பிரேக் இல்லாமல் ஓடுகின்றன. புதிதாகத் தொட்டி கட்டக் கொடுப்பவர்கள் தகட்டின் கனத்தைப் பற்றிப் பேசும் அக்கறையோடு ஹைட்ராலிக் பிரேக்கையும் கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணில் படுதல்

தை மாதத்தில் செட்டிநாட்டிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போவோர் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியே இரவிலும் நடக்கிறார்கள். அறுவடை நெல் ஏற்றிய டிரெய்லர்கள் சாலைக்கு வருவதும் அதே பருவத்தில்தான். விளக்கில்லாத டிரெய்லர் சாலையோரம் நின்றால், பின்னால் வரும் பைக் ஓட்டுநருக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். டிராக்டரின் 7 பின் சாக்கெட்டிலிருந்து டிரெய்லருக்குப் போகும் ஒயர் அடிக்கடி அறுந்துபோகும். பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எரிகின்றனவா என்று ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும். விளக்கு பழுதானாலும் வேலை செய்வது சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை. தொட்டியின் அகலம் முழுவதும் தெரியும்படி இரு ஓரங்களிலும் அதை ஒட்டி, சேறு படிந்தால் துடைக்க வேண்டும்.

சட்டம்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு. 61-ஆம் பிரிவு இழுக்கும் வண்டியின் எண்ணையும் டிரெய்லரில் காட்டச் சொல்கிறது. காரைக்குடியில் பதிவானவற்றில் ‘டிஎன் 63 இசட்’ என்று தொடங்கும் எண்ணைக் காணலாம். காப்பீட்டிலும் டிரெய்லர் தனியாக இடம்பெற வேண்டும். விவசாயத்துக்கெனப் பதிந்த வண்டியில் வாடகைக்குச் செங்கல் ஏற்றி விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவதில் சிக்கல் எழும். 2019 திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

டிரெய்லரில் ஆட்களை ஏற்றவே கூடாது. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப்பிரதேசத்தில் கான்பூர் மாவட்டம் கட்டம்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குலதெய்வக் கோயில் படைப்புக்குக் குடும்பத்தோடு டிரெய்லரில் போகும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. மட்கார்டில் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டுவதும் இதே ஆபத்துதான்.

கழற்றுதல்

டிரெய்லரைக் கழற்றும்போதும் கவனம் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஸ்டாண்டை இறக்கிய பிறகே பின்னை உருவ வேண்டும். மண் இளகியிருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை போட வேண்டும். டிராக்டர் நகர்ந்துகொண்டிருக்கும்போது அதற்கும் டிரெய்லரின் டிராபாருக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. பின்னைச் செருகுபவர் பக்கவாட்டில் நின்று, டிராக்டர் முழுதாக நின்ற பிறகே கை நீட்ட வேண்டும்.