பிளாரன்ஸ் நகரத்தின் அடைபட்ட வீடுகள்

இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில், பழைய பிரபுக்களின் மாளிகைகள் வரிசையாக நிற்கும் தெருக்களில் நடந்து செல்கிறவர்கள், பெரிய வாயிற்கதவுக்குச் சற்று அப்பால், மேற்பாகம் வளைவாக அமைந்து, கல்லால் சட்டமிடப்பட்ட ஒரு சிறு துவாரத்தைச் சுவரிலே காண்பார்கள். முன்பின் அறியாதவர் அதை ஏதோ விளக்கு மாடம் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். உண்மையில் அது திராட்சமது விற்ற ஜன்னல். தங்கள் சொந்தத் தோட்டங்களில் விளைந்த மதுவை, இடையில் வியாபாரி எவரும் இன்றி, வீட்டிலிருந்தபடியே விற்பதற்கென்று 16-ஆம் நூற்றாண்டு முதல் பிரபு குடும்பங்கள் அமைத்துக்கொண்டவை இவை. ஒரு குடுவை நுழையுமளவே அகலம் உடையவை. நகருக்குள் மட்டும் இன்றும் 150-க்கு மேல் எஞ்சி நிற்கின்றன. 1630-இல் கொள்ளைநோய் வந்து, மனிதன் மனிதனைத் தொட அஞ்சிய அந்தக் காலத்தில், இந்தத் துவாரம் வழியாகவே வியாபாரம் நடந்தது என்றும், வாங்குகிறவன் நீட்டிய காசை உலோகக் கரண்டியில் ஏந்தி, காடியில் தோய்த்த பிறகே விற்பவர்கள் கையில் எடுத்தார்கள் என்றும், அந்த நோயின் சரித்திரத்தை எழுதிய பிரான்செஸ்கோ ரொண்டினெல்லி குறித்து வைத்திருக்கிறார். 2020-இல் இத்தாலி முழுவதும் வீடடங்கிக் கிடந்து மெல்ல மெல்லக் கதவு திறந்தபோது, நெடுநாளாக அடைபட்டிருந்த இந்த ஜன்னல்களில் சில மறுபடி திறந்து காபியும் ஐஸ்கிரீமும் நீட்டின என்ற செய்தியைப் படித்தபோதுதான், கொள்ளைநோய்க் காலத்து அந்த அடைப்பின் கதையைத் தேடிப் படிக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

நோய்க்கு அஞ்சி மனிதரை ஒதுக்கி வைக்கும் வழக்கம் அதற்கும் முந்தியது. ஏட்ரியாட்டிக் கடற்கரையில் இருந்த ரகூசா நகரம், நோயுள்ள இடங்களிலிருந்து வருகிறவர்களை 30 நாள் வெளியே நிறுத்திவைக்கும் சட்டத்தை 1377-இலேயே இயற்றியது. பின்னர் அது 40 நாளாக நீண்டு, இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'குவாரன்டைன்' என்ற பெயரும் பிறந்தது. ஆனால் கப்பலையும் யாத்திரிகரையும் நிறுத்திவைப்பது வேறு. பிறந்து வளர்ந்த ஊரிலேயே, சொந்த வீட்டுக்குள்ளேயே, ஒரு நகரத்து ஜனங்களை இருத்திவைப்பது வேறு. 1576-இல் மிலான் நகரம் அவ்வாறு அடைக்கப்பட்டபோது, பேராயர் கார்லோ பொர்ரோமேயோ தெருமுனைகளில் பீடங்கள் அமைத்துப் பூசை நடத்தச் செய்தார். மணி ஒலிக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ஜன்னலிலும் வாசலிலும் நின்று ஜனங்கள் பிரார்த்தனைப் பாட்டைப் பாட, தெருவே கோவிலாயிற்று.

பிளாரன்ஸுக்கு நோய் வந்தது வடக்கிலிருந்து. லொம்பார்தியில் நடந்த யுத்தத்துக்கு வந்த சேனைகள் கொண்டுவந்த பிளேக், 1630-ஆம் ஆண்டுக் கோடையில் மலை கடந்து தஸ்கனிக்குள் புகுந்தது. அப்போது ஆண்ட இரண்டாம் பெர்தினாந்தோ மெதிச்சி இருபது வயது வாலிபன். நகரின் சுகாதார சபைக்கு 'சனிதா' என்று பெயர். கம்பளித் தொழிலும் பட்டுத் தொழிலும் ஏற்கெனவே நலிந்து, நெசவாளர் வீடுகளில் அடுப்பெரியாதிருந்த சமயம் அது. ஆகவே சபையார் முதற்காரியமாக ஏழைகளின் வீடுகளைப் பார்வையிட ஆள் அனுப்பி, அங்கே மக்கி நாறிய வைக்கோல் மெத்தைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைக் கொடுக்கச் செய்தார்கள். நோயாளிகளைச் சுமந்து செல்லும் பணியை மிஸெரிகோர்தியா என்னும் தர்ம சங்கத்தார் ஏற்றார்கள். அந்தச் சங்கம் இன்றும் பிளாரன்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறது. குன்றின்மேல் நிற்கும் சான் மினியாத்தோ ஆலயமே நோயாளர் விடுதியாக மாறியது.

1631 ஜனவரியில் நகரம் முழுவதற்கும் 40 நாள் வீடடங்கல் விதிக்கப்பட்டது. இங்கேதான் அந்த ஆட்சியாளர்களை நான் மனமாரப் போற்றுகிறேன்: கதவை அடைக்கச் சொன்னவர்கள், அடைத்த கதவுக்குப் பின்னால் பசியோடிருக்கும் வயிறுகளையும் தங்கள் பொறுப்பாக ஏற்றார்கள். அரசாங்கச் செலவில் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு ரொட்டியும் கொஞ்சம் திராட்சமதுவும் வாசலுக்கு வந்தன. வாரத்தில் மூன்று நாள் இறைச்சி; செவ்வாய்க்கிழமை மிளகும் பெருஞ்சீரகமும் ரோஸ்மேரி இலையும் சேர்த்த இறைச்சிப் பண்டம்; மற்ற நாட்களில் அரிசியும் பாலாடைக் கட்டியும்; வெள்ளிக்கிழமை விரத நாளாகையால் இனிப்பும் கசப்புமான கீரைகள். உயிர் தரிக்க ரொட்டி மட்டும் போதுமே என்று எண்ணாமல், அடைபட்டிருப்பவனுக்கு நாவும் உண்டு, கிழமையும் உண்டு, விரதமும் உண்டு என்று நினைத்துப் பார்த்த அந்த அதிகாரி யாரோ, அவருக்குக் குடும்பம் நடத்தும் ஒருத்தியின் மனம் வாய்த்திருந்தது. அவ்வாண்டுகளில் மிலான் தன் ஜனங்களில் ஏறக்குறைய பாதிப் பேரையும், வெரோனா பாதிக்கு மேலும் பறிகொடுக்க, பிளாரன்ஸ் இழந்தது நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவே. அதற்கு அந்த ரொட்டி மட்டுமே காரணம் என்று சாதிக்க நான் முற்படவில்லை. ஆனால் ரொட்டியை நீக்கிவிட்டு வேறு காரணம் சொல்கிறவர்களை என்னால் ஏற்க முடியாது.

அந்த வீடுகளுக்குள் நிகழ்ந்த வாழ்க்கையை நமக்குச் சொல்வது, விந்தையாக, அதே சுகாதார சபையின் குற்ற விசாரணைப் பதிவுகளே. விதியை மீறி அண்டை வீட்டுக்குப் போனவர்கள், இறந்தவரின் படுக்கையும் துணியும் நெருப்புக்குப் போகாமல் மறைத்தவர்கள் என்று வழக்குகள் நிரம்பிக் கிடக்கின்றன. தாய் நோயாளர் விடுதியில் கிடக்க, வீட்டில் தனித்திருந்த இரு சகோதரிகள், அதே கட்டிடத்தில் குடியிருந்த தோழியரோடு சேர்ந்து நடனமாடியதற்காகப் பிடிபட்டார்கள். அது வீடடங்கலின் ஆரம்ப நாட்களில். ஆடிய பிள்ளைகளின் வீட்டாரும் விசாரிக்கப்பட்டார்கள். தாயில்லாத வீட்டின் நிசப்தத்தைத் தாங்கமாட்டாமல் ஆடிய ஆட்டமாகவே அது எனக்குப் படுகிறது.

அதே காலத்தில் நகருக்கு வெளியே, பெல்லோஸ்குவார்தோ குன்றின்மேல், கலிலேயோ தம் மாளிகையில் இருந்தார். அவர் மகன் தன் மனைவியுடன் நோய்க்கு அஞ்சிப் பிராத்தோவுக்குச் சென்றுவிட, ஒரு வயதுகூட நிரம்பாத பேரக்குழந்தை தாத்தாவிடம் தங்கியது. கட்டுக்காவல்களைக் கடந்து ரோமாபுரிக்கு முழுதாக அனுப்ப இயலாமல், அவருடைய பெரிய நூலின் கையெழுத்துப் பிரதியும் காத்துக்கிடந்தது. சற்றுத் தொலைவில், ஆர்ச்செத்ரியில் உள்ள கன்னியர் மடத்தில், இளம் பிராயத்திலேயே நுழைந்து மீண்டும் வெளியே வர விதியில்லாத அவருடைய மூத்த மகள் மரியா செலெஸ்தே இருந்தாள். தந்தைக்காக உலர்ந்த அத்தி, கொட்டைப் பருப்பு, அருவதா இலை, உப்பு இவற்றைத் தேனில் குழைத்து லேகியம் கிண்டி அனுப்பினாள். காலையில் உணவுக்கு முன் இவ்வளவு உருண்டை, மேலே நல்ல திராட்சமது என்று பத்தியமும் எழுதினாள். அவருடைய சட்டைக் கழுத்துப் பட்டைகளை வெளுத்துத் தைத்து அனுப்புவதும், நார்த்தங்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து அனுப்புவதும் எந்நாளும் அவள் வழக்கம். ஆயுள் முழுவதும் அடைபட்டவள், சில மாதங்கள் அடைபட்டவருக்குத் தைரியம் சொன்னாள்.

1631-இல், மகளின் மடத்துக்கு அருகில் இருக்கவேண்டுமென்றே கலிலேயோ ஆர்ச்செத்ரிக்குக் குடிபெயர்ந்தார். இரண்டாண்டு கழித்து, நோயினால் அல்ல, திருச்சபையின் விசாரணை மன்றம் அளித்த தீர்ப்பினால், அதே வீடு அவருக்குச் சிறையாயிற்று. தண்டனை பெற்று அங்கே அவர் திரும்பிச் சேர்ந்த சில மாதங்களில், 1634 ஏப்ரலில், மகள் இறந்துபோனாள். அவள் எழுதிய கடிதங்களில் 124 இன்றும் இருக்கின்றன. அவர் எழுதிய பதில்களில் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.