பள்ளி நூலகரும் தகவல் எழுத்தறிவும்

தனக்கு என்ன தகவல் தேவை என்று உணர்வது, அதைத் தேடி எடுப்பது, கிடைத்ததை எடைபோடுவது, எடுத்த இடத்தைச் சொல்லி நேர்மையாகப் பயன்படுத்துவது ஆகிய திறன்கள் சேர்ந்ததே தகவல் எழுத்தறிவு. இந்தக் கருத்து வகுப்பறையில் பிறக்கவில்லை. அமெரிக்கத் தகவல் தொழில்துறைச் சங்கத்தின் தலைவராக இருந்த பால் சுர்கோவ்ஸ்கி, 1974இல் அந்நாட்டின் நூலக, தகவல் அறிவியல் தேசிய ஆணையத்துக்கு அளித்த அறிக்கையில் இதை முன்வைத்தார். அவர் மனத்தில் இருந்தவர்கள் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள். இதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர்கள் நூலகர்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு 1989இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. பள்ளி நூலகர்களின் அமைப்பு 1998இல் ஒன்பது தரநிலைகளை வகுத்தது. விவாதமும் ஆய்வும் அதிகம் நடந்த நாடு என்பதால் இக்கட்டுரை பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியே பேசுகிறது. அங்கே ஐம்பது ஆண்டுகளில் கிடைத்த சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு வலுப்படுகிறது. டிஜிட்டல் வளங்களை வாங்கிக் குவிப்பதாலோ ஆண்டுக்கு ஒரு நாள் விழிப்புணர்வு வகுப்பு நடத்துவதாலோ இந்தத் திறன் வருவதில்லை. பல பாடங்களிலும் பல வகுப்புகளிலும் திரும்பத் திரும்பப் பழகினால்தான் வருகிறது. அப்படிப் பழக்குவதற்கு, எந்த ஒரு பாடத்துக்கும் எந்த ஓர் ஆண்டுக்கும் கட்டுப்படாத ஓர் ஆசிரியர் பள்ளியில் இருக்க வேண்டும். நூலகரின் இடம் அதுதான்.

கைபேசியோடு வளரும் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டுமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி 2001இல் இளைய தலைமுறையை டிஜிட்டல் உலகின் பூர்வகுடிகள் என்று வர்ணித்தபின் இந்த எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை. 2018இல் பல நாடுகளில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 46,000 பேருக்கு மேல் பங்கேற்ற கணினி, தகவல் எழுத்தறிவுத் தேர்வில், இணையத்தில் கிடைத்ததைத் தானே சீர்தூக்கும் உயர்நிலையை எட்டியவர்கள் 2 விழுக்காட்டினர் மட்டுமே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் தலைமையிலான குழு 2016இல் 12 மாநிலங்களின் மாணவர்களிடம் 7,804 விடைகளைத் திரட்டியது. பணம் பெற்று வெளியிட்டது என்ற குறிப்போடு இருந்த விளம்பரத்தை, நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். அதே குழு 2019இல் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு மங்கலான காணொளியைக் காட்டியது. அமெரிக்கத் தேர்தலில் கள்ள ஓட்டு போட்டதாக அது சொன்னது. உண்மையில் ரஷ்யாவில் எடுத்தது. அதை வலுவான சான்று என்று 52 விழுக்காட்டினர் ஏற்றார்கள். ஒரு செயலியை விரல் நுனியில் இயக்கத் தெரிவதும், அது காட்டுவதை நம்பலாமா என்று தீர்மானிக்கத் தெரிவதும் வேறு வேறு திறன்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பள்ளிகள் தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டிகளை நம்பி ஓய்ந்துவிடுவதும் உண்டு. இணைய இணைப்புக்கு மானியம் பெறும் பள்ளிகள் அவற்றைப் பொருத்தியாக வேண்டும் என்று 2000இல் அமெரிக்கச் சட்டம் வந்தது. ஆபாசத்தை ஓரளவு தடுக்கும் அந்த வடிகட்டிக்குப் பொய்யைத் தடுக்கும் வேலை தெரியாது.

மாணவர்களின் இந்தத் தோல்வியில் நூலகர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நெடுங்காலம் அவர்கள் கற்பித்தது சரிபார்ப்புப் பட்டியலை. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாகத்தில் நூலகர் சாரா பிளேக்ஸ்லீ 2004இல் அறிமுகப்படுத்திய ஐந்து கேள்விகள் பள்ளிகள் வரை பரவின: பக்கம் புதியதா, தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் தகுதியானவரா, சொல்வது துல்லியமா, நோக்கம் என்ன. அச்சு நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது இவை நல்ல கேள்விகளே. பதிப்பகம் ஒன்று பொறுப்பேற்றிருக்கிறது, ஒருவர் தேர்ந்து அலமாரியில் வைத்திருக்கிறார் என்ற உறுதி பின்னால் நின்றது. இணையத்தில் அந்த உறுதி இல்லை. பக்கத்தை உருவாக்கியவரே இந்த ஐந்து கேள்விகளுக்கும் பொருத்தமான விடைகளைப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட முடியும். வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை உடைத்துக் காட்டியது. முனைவர் பட்டம் பெற்ற 10 வரலாற்றாய்வாளர்கள், தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளநிலை மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் இரண்டு குழந்தைநல மருத்துவர் அமைப்புகளின் தளங்களைக் கொடுத்தார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட அகாடமி. மற்றொன்று அதிலிருந்து 2002இல் பிரிந்த ஒரு சிறு குழு. பெயரும் தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். மாணவர்களில் பாதிக்கு மேல் சிறு குழுவின் தளத்தையே நம்பத்தக்கதாகத் தேர்ந்தார்கள். வரலாற்றாய்வாளர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் ஒருவர்கூடத் தவறவில்லை. மற்றவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் சில நொடிகளில் அதை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதற்குப் பெயர். இணைய எழுத்தறிவு வல்லுநர் மைக் கால்ஃபீல்டு 2019இல் இதையே பள்ளிக்கு ஏற்ற நான்கு அசைவுகளாகச் சுருக்கினார்: நில், மூலத்தை விசாரி, வேறு நல்ல செய்தி இருக்கிறதா பார், மேற்கோளை அது பிறந்த இடம் வரை பின்தொடர். பல பள்ளி நூலகர்கள் பழைய பட்டியலை விட்டு இதற்கு மாறியிருக்கிறார்கள். சிலர் இன்னும் பழைய சுவரொட்டியைக் கழற்றவில்லை.

நடைமுறையில் நூலகர் செய்வதைப் புரிந்துகொள்ள ஒரு பாட வேலையை எடுத்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்பு வரலாற்று ஆசிரியர் 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயைப் பற்றி எழுதச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தனியாக விட்டால் மாணவர் தேடுபொறியில் தலைப்பைத் தட்டி, முதலில் வரும் இரண்டு பக்கங்களிலிருந்து எடுத்து எழுதி முடிப்பார். நூலகர் முன்கூட்டியே ஆசிரியருடன் உட்கார்ந்து வேலையையே மாற்றியமைக்கிறார். "நோயைப் பற்றி எழுது" என்பதற்குப் பதில் "உன் ஊர் நாளிதழ் அந்த நோயை முதல் மாதத்தில் எப்படிச் சொன்னது, மூன்றாம் மாதத்தில் எப்படிச் சொன்னது" என்று கேட்டால் ஒட்டி எழுத வழியில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் பழைய நாளிதழ்த் தொகுப்பில் இன்றைய கலைச்சொல்லைத் தட்டினால் அதிகம் சிக்காது. அன்றைய மக்கள் வழங்கிய "ஸ்பானிஷ் இன்ஃபுளுவென்சா", "கிரிப்" போன்ற சொற்களைப் போட வேண்டும் என்று அவர் காட்டுகிறார். பின்புலம் தெரிந்துகொள்ள விக்கிப்பீடியாவைத் தடுக்காமல், அதன் அடிக்குறிப்புகள் வழியாக மூல ஆவணத்துக்குப் போகச் சொல்லித்தருகிறார். ஒஹையோவின் இன்ஃபோஒஹையோ, டெக்சாஸின் டெக்ஸ்குவெஸ்ட் போன்ற மாநிலத் திட்டங்கள் விலை அதிகமான தரவுத்தளங்களைப் பள்ளிகளுக்குப் பொதுவில் சந்தா கட்டித் தருகின்றன. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே, யாராவது எடுத்துக்காட்டாவிட்டால், மாணவருக்கு மட்டுமல்ல ஆசிரியருக்கும் தெரியாமல் போகலாம்.

இதைவிட நுட்பமான வேலை ஒன்று உண்டு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரல் குல்தாவ், 1980களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பின்தொடர்ந்து, தகவல் தேடலை ஆறு கட்டங்களாக வகுத்தார். தலைப்பைத் தேர்ந்ததும் உற்சாகம் வருகிறது. ஆராயத் தொடங்கியதும் அது வடிந்து குழப்பமும் ஐயமும் கூடுகின்றன. எதைப் பற்றி எழுதப்போகிறோம் என்ற கோணம் பிடிபட்ட பிறகே நம்பிக்கை மீள்கிறது. குழப்பத்தைத் தன் இயலாமை என்று எண்ணும் மாணவர் அங்கேயே தேடலைக் கைவிட்டு, கிடைத்ததை நகலெடுக்கிறார். இந்த இடத்தில் ஒருவர் வந்து, குழப்பம் இயல்பானது, இப்போதைக்கு எழுதாதே, இன்னும் இரண்டு கட்டுரை படி என்று சொல்வதுதான் உதவி. எந்தத் தேடுபொறியும் மாணவரின் முகத்தைப் பார்த்து அவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்று கண்டுகொள்வதில்லை. திருட்டு எழுத்தைப் பிடிக்கும் மென்பொருளுக்குச் செலவிடும் பள்ளிகள் இந்த இடத்தைக் கவனித்தால் அந்தச் செலவில் ஒரு பகுதி மிச்சமாகும்.

இந்தக் கூட்டு வேலைக்கு நேரம் வேண்டும். அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் நூலக வகுப்பு வாரத்துக்கு ஒரு நிலையான பாடவேளை. அந்த நேரத்தில் வகுப்பாசிரியர் தன் பாடத்தைத் திட்டமிடப் போய்விடுவார். ஆக, யாருடன் சேர்ந்து நூலகர் திட்டமிட வேண்டுமோ அவர் அங்கே இருப்பதில்லை. தேவைப்படும்போது நூலகத்துக்கு வரும் நெகிழ்வான அட்டவணையை நூலகர் அமைப்புகள் வலியுறுத்துவது இதனால்தான்.

பாட ஆசிரியரே இதைச் சொல்லித்தரலாமே, தனியாக ஒருவர் எதற்கு என்பது பள்ளிக்கு நூலகர் வேண்டும் என்பதற்கு எதிரான வாதங்களில் வலுவானது. அதற்குச் சான்றும் இருக்கிறது. வைன்பர்க் குழு 2022இல் வெளியிட்ட கள ஆய்வில், 499 உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஒரு பிரிவினருக்குக் குடிமையியல் ஆசிரியர்களே ஐம்பது நிமிடப் பாடங்கள் ஆறு நடத்தினார்கள். அந்த மாணவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். ஃபின்லாந்தையும் சொல்வார்கள். ஊடக எழுத்தறிவுக்குப் பெயர்பெற்ற அந்நாட்டின் பள்ளிகளில் முழுநேர நூலகர்கள் அரிது. இரண்டும் உண்மை. ஆனால் அந்த ஆறு பாடங்களை வகுத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அளந்து பார்க்க ஒரு பல்கலைக்கழகக் குழு பின்னால் நின்றது. அது போன பிறகு உயிரியல் வகுப்பிலும் அடுத்த ஆண்டிலும் இதைத் தொடர்வது யார் என்ற கேள்விக்கு ஆய்வில் விடை இல்லை. ஃபின்லாந்தில் ஆசிரியர் பயிற்சி நீளமானது; பொது நூலகம் ஒவ்வோர் ஊரிலும் பள்ளியோடு கைகோத்து நடக்கிறது. நூலகரின் வேலை அங்கே காணாமல் போகவில்லை. பலரிடம் பகிர்ந்து கிடக்கிறது. அந்த ஏற்பாடு இல்லாத நாடு நூலகரை மட்டும் நீக்கிவிட்டு ஃபின்லாந்தை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

தொடர்ச்சி எவ்வளவு முக்கியம் என்பதைப் பீகாரில் நடந்த இரண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் 2019 தேர்தல் காலத்தில் 1,224 பேரிடம், ஒரு மணி நேரம் நேரில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பொய்ச் செய்தியை இனங்காணும் திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. பின்னர் அவரும் சகாக்களும், மாநில அரசின் ஜீவிகா அமைப்புடன் சேர்ந்து, 583 கிராமங்களைச் சேர்ந்த 13,500க்கு மேற்பட்ட பதின்வயதினருக்கு, ஏறத்தாழ 14 வாரங்களில் நான்கு வகுப்புகளை ஊர்ப்புற நூலகங்களில் நடத்தினார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு ஆங்கில வகுப்பு. பயிற்சி பெற்றவர்கள் எந்த மூலத்தை நம்புவது, எதைப் பகிர்வது என்பதில் தேறினார்கள். நான்கு மாதம் கழித்தும் பலன் நிலைத்தது; பெற்றோரிடமும் தென்பட்டது. இவர்கள் பள்ளி நூலகர்கள் அல்லர், பள்ளி நூலகமும் அல்ல. இரண்டு ஆய்வுகளிலும் பங்கேற்றவர்களின் வயதும் வேறு. ஆயினும் ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்கும் வாரக்கணக்கான பழக்கத்துக்கும் உள்ள தொலைவை இவை சொல்லிவிடுகின்றன.

நூலகர் இருந்தால் பலன் என்று சொல்லும் ஆய்வுகளின் தரத்தைப் பற்றியும் கேள்வி உண்டு. ஆய்வாளர் கீத் கரி லான்ஸ் 1993இல் கொலராடோவில் தொடங்கி, நூலகப் பணியாளர் அதிகமுள்ள பள்ளிகளில் வாசிப்பு மதிப்பெண் கூடுதலாக இருப்பதைக் காட்டினார். பல மாநிலங்களில் இதே முடிவு வந்தது. வசதியான பள்ளிதான் நூலகரையும் வைத்துக்கொள்ளும், மதிப்பெண்ணும் பெறும் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். வறுமையைக் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு நீடித்தது என்பது லான்ஸின் பதில். 2005 முதல் 2011 வரை அதே பள்ளிகளில் நூலகர் நீடித்தார்களா, நீக்கப்பட்டார்களா என்று பின்தொடர்ந்த ஆய்வும் அதே பக்கம் சாய்ந்தது. இருந்தாலும் இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிரக் காரணத்தை நிறுவவில்லை. அதைவிடப் பெரிய குறை, அளந்தது வாசிப்பு மதிப்பெண். தகவல் எழுத்தறிவு அல்ல. நூலகர்கள் தம் பணியைக் காக்க இந்த எண்களை அளவுக்கு மீறி நம்பியது நல்லதல்ல. பக்கவாட்டு வாசிப்பைப் போல நேரடியாக அளக்கக்கூடிய திறனைக் காட்டுவதே அவர்களுக்கு உறுதியான சான்றாகும்.

ஐயப்படக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் எதையுமே நம்பாதவர்களாகிவிட மாட்டார்களா என்று தொழில்நுட்ப ஆய்வாளர் டானா பாய்டு 2017இல் கேட்டார். வீணான அச்சம் அல்ல. குறைகளை மட்டும் தேடச் சொல்லும் பயிற்சி அங்கேதான் கொண்டுபோய் விடும். நல்ல நூலகரின் பயிற்சியில் நம்பத் தகுந்ததை விரைவாக நம்புவதும் பாதி. முன்பு பார்த்த குழந்தைநல மருத்துவர் அகாடமியை ஏற்பதும் சிறு குழுவை ஒதுக்குவதும் ஒரே தேடலின் இரண்டு விளைவுகள். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்தபின் இது இன்னும் கூர்மையாகிறது. இல்லாத கட்டுரையை ஆசிரியர் பெயரோடும் ஆண்டோடும் அவை எழுதித் தருகின்றன. அதைத் தேடித் தரும்படி மாணவர்கள் நூலகரிடம் வருகிறார்கள். அப்படி ஒரு கட்டுரை உண்டா என்று தரவுத்தளத்தில் பார்த்துச் சொல்வது பழைய வேலை, அதே முறை.

சட்டமன்றங்களும் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. நியூ ஜெர்சியில் 2023 ஜனவரியில் கையெழுத்தான சட்டம், மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தகவல் எழுத்தறிவைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்கிறது. தரநிலைகளை வகுக்கும்போது பள்ளி நூலகர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் வேறெந்த மாநிலமும் அதற்கு முன் இவ்வளவு செய்யவில்லை. ஆனால் நாடு முழுவதும் 2009–10 முதல் 2018–19 வரையான பள்ளியாண்டுகளில் நூலகர் பணியிடங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. ஒவ்வொரு பள்ளியும் ஒரு நூலகரை நியமித்தே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை.