நடனமாடும் வீடு

1945, பிப்ரவரி 14. இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தைத் தாக்கக் கிளம்பிய அமெரிக்க விமானங்களில் ஒரு கூட்டம் வழி தவறிவிட்டது. மேகமூட்டம், பலமான காற்று, போதாததற்கு மக்கர் செய்த ரேடார். கீழே ஒரு நதி, நதிக்கரையில் பெரிய ஊர். டிரெஸ்டனும் அப்படித்தான் இருக்கும். 'இதுதான்!' என்று முடிவுகட்டி, சுமார் 150 டன் குண்டுகளைக் கொட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

கீழே இருந்தது பிராக். அப்போது ஹிட்லரின் பிடியில் தவித்துக்கொண்டிருந்த செக் மக்களின் தலைநகரம். 700 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அன்றைக்கு வல்டாவா நதிக்கரையில், ஒரு தெருமுனையில் இருந்த கட்டடமும் தரைமட்டமானது. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, அந்தக் காலி மனையின் கதையைத்தான்.

காலி மனை என்றால் ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை. போர் முடிந்தது, கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது, இடிபாடுகளை அள்ளினார்கள். ஆனால், யாரும் எதுவும் கட்டவில்லை. வரிசையான அழகிய பழைய வீடுகளுக்கு நடுவே, பல் விழுந்த இடம் மாதிரி நாற்பது வருடங்களுக்கும் மேல் அப்படியே கிடந்தது.

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு நாடக ஆசிரியர் குடியிருந்தார். அந்தக் கட்டடம் அவருடைய தாத்தா கட்டியது. அதை அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிட, சொந்த வீட்டிலேயே குடித்தனக்காரராக இருந்தார் மனிதர். அரசை எதிர்த்து எழுதியதற்காகப் பல வருடங்கள் ஜெயிலிலும் இருந்தவர். பெயர், வாக்லாவ் ஹாவெல்.

எண்பதுகளில், அவருடைய வீட்டில் சில மாற்றங்கள் செய்வதற்காக ஒரு கட்டடக் கலைஞர் வந்தார். விளாடோ மிலுனிச். வேலை நடுவே இருவரும் அந்தக் காலி மனையைப் பற்றிப் பேசினார்கள். 'இங்கே என்ன கட்டலாம்?' ஜெயிலுக்குப் போய் வந்துகொண்டிருந்த ஒருவர் பேசக்கூடிய பேச்சா அது? ஆனால், சரித்திரத்துக்குக் குறும்பு அதிகம். 1989 டிசம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்து, ஹாவெல் நாட்டின் ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார்!

பிறகு, ஒரு டச்சு இன்ஷூரன்ஸ் கம்பெனி மனையை வாங்கியது. பணம் போடுகிறவர்களுக்கு உலகப் பிரபலம் ஒருவர் வேண்டும் அல்லவா? மிலுனிச்சோடு கைகோக்க அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தார் ஃப்ராங்க் கெரி. கட்டடங்களை வளைத்து, நெளித்து, கசக்கிப்போட்ட காகிதம் மாதிரி கட்டியவர்.

பிராக் அதிர்ந்துபோனது.

அந்த அதிர்ச்சியை, 'பழைய பஞ்சாங்கங்கள்' என்று தள்ளிவிடாதீர்கள். வார்சா, டிரெஸ்டன் எல்லாம் போரில் சாம்பலானபோது, பெரும்பாலும் தப்பித்து நின்ற அபூர்வ நகரம் பிராக். அதன் பழைய பகுதியை 1992-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருந்தது. அங்கே ஒரு கட்டடம் தப்பாகப் போனால், 'அவர் கட்டினாரே' என்று அடுத்தவரும் ஆரம்பிப்பார். பயம் நியாயமானது.

பயத்துக்கு உதாரணமும் அதே ஊரில் இருந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் ஆரம்பித்து 1992-ல் முடிக்கப்பட்ட ஷிஷ்கோவ் டெலிவிஷன் கோபுரம். 216 மீட்டர் உயரம். அக்கம்பக்கம் முழுக்கச் சாதாரண குடியிருப்புகள். நடுவில் ராக்கெட் மாதிரி ஒரு உலோக ராட்சசன். அதற்காகப் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தின் ஒரு பகுதியையே தோண்டி எறிந்தார்கள். சுற்றி யார் இருக்கிறார்கள், காலடியில் யார் உறங்குகிறார்கள் என்று எதையும் கேட்காமல் எழுந்த கட்டடம்.

அப்படியானால் என்ன வழி? இடிந்துபோன பழைய வீட்டையே அச்சு அசலாகத் திருப்பிக் கட்டியிருக்கலாம். யாரும் சண்டைக்கு வந்திருக்கமாட்டார்கள். ஆனால், 1945-ம் இல்லை, காலியாகக் கிடந்த வருடங்களும் இல்லை என்று ஆகியிருக்கும். மிலுனிச் அதை விரும்பவில்லை. அசையாமல் நிற்கும் ஒரு பகுதி, அசைந்து எழும் ஒரு பகுதி என இரண்டாகக் கற்பனை செய்தார். சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்கு நகரும் ஒரு நாட்டின் படம் அது.

1996-ல் கட்டி முடித்தார்கள். நேராக நிற்கும் ஒரு கோபுரம். அதன் மேல் சாய்ந்து, இடுப்பை வளைத்து நிற்கும் ஒரு கண்ணாடிக் கோபுரம். ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவது போலவே இருக்கும். ஹாலிவுட் நடன ஜோடியான ஃப்ரெட் அஸ்டேர் - ஜிஞ்சர் ரோஜர்ஸ் பெயரையே செல்லமாக வைத்துவிட்டார்கள். நடனமாடும் வீடு என்பது ஊர் அறிந்த பெயர்.

முதல் பார்வைக்கு, 'அக்கம்பக்கத்தைப் பற்றிக் கவலையே படாத கட்டடம்' என்றுதான் தோன்றும். கொஞ்சம் நின்று கவனியுங்கள்.

பக்கத்து வீடுகள் பழைய காலத்து ஆட்களுக்காகக் கட்டியவை. கூரை உயரம். நவீன ஆபீஸுக்கோ, அதே உயரத்துக்குள் அதிக மாடிகள் வேண்டும். அப்படியே கட்டினால், புது ஜன்னல் வரிசையும் பழைய ஜன்னல் வரிசையும் பொருந்தாமல் அசிங்கமாக வெட்டிக்கொள்ளும். என்ன செய்தார்கள்? ஜன்னல்களை ஒரே நேர்கோட்டில் வைக்காமல், அலை மாதிரி மேலும் கீழுமாகப் போட்டுவிட்டார்கள். எது எந்த மாடி என்றே கண்ணுக்குத் தெரியாது. எதிரே ஓடும் நதியின் அலையும் சுவருக்கு வந்துவிட்டது. இதற்காக 99 கான்கிரீட் பலகைகளை, ஒன்று மாதிரி இன்னொன்று இல்லாமல் தனித்தனியாக வார்த்தார்கள்.

தெருமுனைக் கட்டடம் என்றால் கோபுரமும் மேலே ஒரு குமிழும் வைப்பது பிராக் வழக்கம். இங்கேயும் அது உண்டு. குமிழ்தான் கம்பி வலையால் பின்னியது.

சரி, அந்தக் கண்ணாடி இடுப்பு ஏன் ஒடுங்கியிருக்கிறது? அழகுக்காக மட்டும் இல்லை. நேராகக் கட்டியிருந்தால் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி மறைந்துவிடும். அதனால் கோபுரம் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. ஷிஷ்கோவ் கோபுரம் கேட்க மறந்த கேள்வியை இது கேட்டிருக்கிறது: 'நான் வந்தால் உனக்கு இடைஞ்சலா?'

திட்டியவர்கள் எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால், பத்து நூற்றாண்டுக் கட்டடக்கலையைத் தங்க நாணயங்களில் பொறித்துவந்த செக் தேசிய வங்கி, வரிசையின் கடைசி நாணயத்தை 2005-ல் வெளியிட்டபோது அதில் இருந்தது இந்த வீடுதான். ஆபீஸாக இருந்தது, பிறகு ஹோட்டலாகவும் ஆனது.

ஷிஷ்கோவ் கோபுரத்துக்கும் ஒரு வைத்தியம் நடந்தது. தவழ்ந்து ஏறும் பெரிய பெரிய குழந்தை பொம்மைகளை அதன் மேல் ஒட்டவைத்தார் டாவிட் செர்னி என்ற சிற்பி. 2000-ல் தற்காலிகமாக வந்த பொம்மைகள் அடுத்த வருடமே நிரந்தரமாகிவிட்டன. இப்போது அந்தக் கோபுரத்தைப் பார்க்கிறவர்கள், முதலில் தேடுவது குழந்தைகளைத்தான்.

ஆனால், தோண்டி எறிந்த கல்லறைகள் திரும்பி வரவில்லை. கட்டிய பிறகு ஒட்டவைக்கிற எந்த அலங்காரமும் அதைத் திருப்பித் தராது. அக்கம்பக்கத்தைக் கேட்பதற்கு நேரம், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பு மட்டும்தான் இருக்கிறது.