மடை திறந்தவர்கள்

மழைநீரைக் குழாய் போட்டுக் கடலுக்கு விரட்டாதே, இயற்கையைப் போலத் தேக்கி வை என்கிறார்கள் இன்றைய நில வடிவமைப்பாளர்கள். சென்னை மாநகராட்சி ‘ஸ்பாஞ்ச் பூங்கா’ அமைக்கிறது. நல்லதுதான். செங்கல்பட்டுப் பக்கத்துச் சங்கிலி ஏரிகள் இதைத்தானே நூற்றாண்டுக் கணக்கில் செய்துவந்தன? நிலத்தின் சரிவு பார்த்துப் போட்ட மண்கரை. மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழேரிக்கு.

ஏரி வெட்டியவன் என்று பாடப்புத்தகம் அரசனைக் காட்டும். மழை ராத்திரியில் கரையைச் சுற்றிவந்து மடை திறந்தது யாரு? நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பேர் வேறு. பெரும்பாலும் நம்ம சனம். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், எப்போது மடையை அடைக்கணும் என்பதெல்லாம் அவர்கள் கணக்கு. கூலி, களத்தில் அளந்த நெல். ‘அவனுக்கு நிலமில்ல, அதனால பாரபட்சம் பாக்கமாட்டான்’ என்று ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. நிலம் ஏன் இல்லை என்பது அந்தப் பேச்சில் வராது.

1858ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் நிலை வந்தால் உழைக்கும் வகுப்பு ஆண்களை மண் சுமக்க இழுக்கலாம். நிலக்காரனைப் பிடித்திழுக்கும் சட்டமில்லை அது.

பிறகு மடை பொதுப்பணித்துறைக்குப் போனது. பல ஏரிகள் மனைகளாயின. கூவக்கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட நம்ம சனத்தில் பலரைப் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலத்தில், பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சதுப்பு 2022ல் ராம்சார் பட்டியலில் ஏறியது. அதற்குள் அதில் பெரும்பகுதியை நகரம் தின்றுவிட்டிருந்தது. 2015 வெள்ளத்தில் பக்கத்துச் செம்மஞ்சேரிக் குடியிருப்பு தண்ணீரில் நின்றது.